சிங்கத்தின் பல்லும் சீராளன் மீசையும்

கொன்றைமாநகரத்து ராசாவின் பெயர் இடிமுழக்க மகாராசா. பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். குரல் என்னவோ காதோரம் சுற்றுகிற கொசுவின் குரல்தான். "யாரங்ங்ங்கே!" என்று அவர் கூப்பிட்டால் காவலாளி விசிறியோடு ஓடி வருவான்.

அவருக்கு மாமனார் வீட்டுச் சீராக ஒரு தேக்குச் சிம்மாசனம் வந்தது. கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு சிங்கத் தலை. பல், புருவம், பிடரிமயிர் எல்லாம் உளி பட்ட வேகம் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றன. ராசா ஆசையாக உட்கார்ந்தார். முழங்கையை வைத்தார். அவ்வளவுதான்.

"ஐயோஓஓ! கடிக்குதய்யா!"

சிங்கம் கடிக்கவில்லை. முழங்கையில் மரச் சிலாம்பு ஏறியிருந்தது. பட்டுச் சால்வையும் மாட்டிக் கிழிந்தது.

"தளவாயாரே! பௌர்ணமிக்கு மாமனார் வருகிறார். அதற்குள் இது வெண்ணெய் மாதிரி ஆகணும்!"

தளவாய் பீமராயரின் வாயில் வெற்றிலை இல்லாத நேரம் கிடையாது. ரகரமும் டகரமும் அதில் சிக்கி ழகரமாகத்தான் வெளியே வரும். "வெழ்ணெய்தானே மகாழாசா? ஆக்கிழலாம்!" என்றார்.

ஆக்கினார். அந்தக் காலத்தில் உப்புத்தாள் ஏது? பராய் மரத்து இலைதான். நாக்கை வைத்தால் நாக்கு போய்விடும், அத்தனை சொரசொரப்பு. தளவாயின் மல்லர்கள் அந்த இலையை உள்ளங்கையில் கட்டிக்கொண்டு இடப்பக்கச் சிங்கத்தோடு குஸ்தி போட்டார்கள். "விடாதே, அமுக்கு! உன் கையில் பலம் இல்லையா? தள்ளு, நான் தேய்க்கிறேன்!"

மறுநாள் ராசா தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஆனால் அது பூனை. பால் குடித்துவிட்டுத் தூங்கி எழுந்த பூனை.

"பல் எங்கேய்யா?"

"தேஞ்சிழுச்சு மகாழாசா."

"புருவம்?"

"அதுவும்தான்."

"மாமனார் வந்து, 'மாப்பிள்ளை, என் சிங்கம் எங்கே?'ன்னு கேட்டால் நான் என்ன, 'மியாவ்'னு சொல்லவா?"

தளவாய் கொஞ்சமும் அசரவில்லை. "வழவழப்பு வேணும்னா பல்லு போகும். பல்லு வேணும்னா சிலாம்பு குத்தும். ழெண்டும் வேணும்னா பிழம்மாவாலும் முழியாது!"

சபையின் மூலையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். விகடன் சீராளன்தான். ஆள் ஒல்லி, மீசை மட்டும் இரண்டு ஆள் சேர்ந்து வளர்த்த மாதிரி. அந்த மீசையைப் பார்த்துத்தான் அவன் பெண்டாட்டி கல்யாணத்துக்கே தலையாட்டினாள்.

"சிழிக்கிறவன் செய்து காட்டட்டும்! பல்லு ஒண்ணு குறைஞ்சாலும் மீசையை எடுத்துழணும்!"

"சரி தளவாயாரே. குறையாவிட்டால் உங்கள் மீசை?"

"எழுத்துக்கோ!"

ராசாவுக்குக் குஷி தாங்கவில்லை. "சால்வையைப் போட்டு இழுப்பேன். ஒரு நூல் மாட்டக் கூடாது. எல்லாப் பல்லும் எனக்கு வேணும். தோற்றவன் மீசை சபையிலேயே இறங்கும்!"

சீராளன் மெழுகும் அரக்கும் கேட்டான். கலந்து இளக்கி, வலப்பக்கச் சிங்கத்தின் ஒவ்வொரு குழிவிலும் மேட்டிலும் அமுக்கினான். இறுகியதும் கழற்றினான். கொழுக்கட்டை அச்சு மாதிரி வந்தது. சிங்கத்தில் மேடு இருந்த இடத்தில் இதில் பள்ளம், பள்ளத்துக்கு மேடு. அந்த அச்சின்மேல் பராய் இலையைப் போர்த்தி, அச்சு எடுத்த இடத்திலேயே திரும்பப் பொருத்தி, மர ரேகையின் போக்கிலேயே மெதுவாகத் தேய்த்தான். பல் இடுக்குக்கு மூங்கில் சிம்பில் இலையைச் சுற்றிக்கொண்டான். கூரான ஓரம் வந்தால் கை அங்கேயே நின்றுவிடும். கடைசியில் இலையை ஒரே ஒரு தரம் ஓரத்தில் ஒற்றி எடுப்பான்.

மல்லர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "யோவ், தேய்க்கிறியா, பிள்ளைக்கு மை இடுறியா?"

பௌர்ணமிக்கு முந்தின நாள் சபை கூடியது. ராசா சால்வையைச் சிங்கத்தின்மேல் போட்டு இழுத்தார். நெய்யில் நழுவுகிற மாதிரி நழுவி வந்தது. பற்களை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. விரலை வாய்க்குள் விட்டவர், கடித்துவிடுமோ என்று சட்டென்று வெளியே எடுத்தார்.

"மோசழி!" என்று கத்தினார் தளவாய். "மகாழாசா, சிங்கத்தைத் தேய்க்கச் சொன்னீங்க. இவன் ஓழத்தையெல்லாம் தேய்க்காமலே விட்டுட்டான்! அழை வேலை! மீசையை எழுங்க!"

ராசா தாடையைச் சொறிந்தார். "ஆமாம் சீராளா, முழுக்கத்தானே தேய்க்கச் சொன்னேன்?"

சீராளனின் கை மீசைக்குப் போய்த் திரும்பியது.

"மகாராசா, இன்று காலையில் நாவிதரிடம் என்ன சொன்னீர்கள்?"

"முகத்தை மழியென்று சொன்னேன்."

"மீசையை மட்டும் விட்டுவிட்டாரே. அரை வேலை இல்லையா? நாளை முதல் தளவாயாரின் மல்லர்களே உங்களுக்கு மழிக்கட்டும். முழு வேலையாகச் செய்வார்கள்."

மல்லர்கள் ராசாவின் முகத்தை ஆசையோடு பார்த்தார்கள். ராசா இரண்டு கையாலும் மீசையையும் புருவத்தையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார்.

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்! எங்கே நிறுத்தணும்னு தெரிந்த கைதானய்யா கை! சீராளன் ஜெயித்தான்!"

கொசு சிரித்து யாராவது கேட்டதுண்டா? அன்று சபை கேட்டது. சிரித்து முடித்த ராசா தம் சால்வையைச் சீராளனுக்குப் போர்த்தினார். "இன்னொரு சிங்கத்தைச் செதுக்கி வாங்கி, அதையும் நீயே தேய்த்து முடி. மாமனார் வந்தால் அதுவரைக்கும் இடக்கைப்பிடியில் என் கையை வைத்து மறைத்துக்கொள்கிறேன். அப்புறம் அந்தப் பூனை தளவாயாருக்கு. சரி, கூப்பிடு நாவிதரை!"

தளவாய் மீசையைத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சீராளனுக்கே பாவமாகப் போயிற்று.

"மகாராசா, முழுசாக எடுக்க வேண்டாம். இரண்டு ஓரத்தையும் லேசாகக் குறைத்தால் போதும்."

தளவாய் முகம் மலர்ந்தது. "நீ நல்லா இழுக்கணும்ழா, சீழாளா!"

"அதற்கு நாவிதர் எதற்கு? நம் மல்லர்களே போதும்!" என்றான் சீராளன்.

மல்லர்கள் உள்ளங்கையில் பராய் இலையைக் கட்டிக்கொண்டு எழுந்தார்கள். தளவாய் வெற்றிலையை அப்படியே விழுங்கினார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தெளிவாகப் பேசினார்:

"ஐயா, நாவிதரே! ஓடி வாரும்! முழு மீசையையும் எடுத்துவிடும்!"