அங்கணத்து மேசை

ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்தைந்து. பெயர் ஜெபராணி. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில், மூடிப்போன டயர் கடை ஷெட் ஒன்றில், வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய சாமான்களை நாற்காலியாகவும் அலமாரியாகவும் மாற்றச் சொல்லிக்கொடுப்பாள்.

ஞானம் தேடிக் குருவிடம் போகிறவர்கள் உண்டு. இவர் ரம்பம் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று போனவர்.

காரணம் இருந்தது. அவர் மனைவி உலகம்மைக்குப் போன ஆடியில் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் வராமல் போய்விட்டன. அன்றிலிருந்து சமையல், குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் ஆவுடையப்பன்தான். மனிதர் ஓடாய்த் தேய்ந்துவிட்டார். ஆனாலும் உலகம்மையின் கண்ணில் தண்ணீரைக் கண்டுவிட்டால் போதும், எழுந்துவிடுவார்.

"அழாத உலகு. இரு, உனக்கு ஒண்ணு செஞ்சு தாரேன்."

இப்படியே ஒரு டயர் முக்காலி ஆயிற்று. பழைய கட்டில் சட்டம் சாய்வு பெஞ்ச் ஆயிற்று. ஊறுகாய் ஜாடிக்குள் விளக்கு எரிந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எதில் உட்காருவது, எது பொம்மை என்று தெரியாமல் நின்றார்கள்.

ஒருநாள் உலகம்மை சொன்னாள்: "தம்பிக்கு போன் பண்ணிட்டேன். சனிக்கிழமை கார் எடுத்துட்டு வாரான். நான் அம்பாசமுத்திரம் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள். திரும்பி வருவேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் யோசித்தார். வீட்டின் பின்பக்கம், பாத்திரம் துலக்கவும் துணி அலசவும் சிமெண்டு போட்ட அங்கணம் ஒன்று உண்டு. மத்தியானத்துக்கு மேல் அங்கே முருங்கை நிழலும் காற்றும் இருக்கும். அது ஒன்றுதான் உலகம்மை விரும்பி உட்காருகிற இடம். அங்கே ஒரு மேசை போட்டு, இடது கையால் அவளே காப்பியை எடுத்துக் குடிக்கிற மாதிரி வைத்துவிட்டால், போக மாட்டாள்.

மாடியில் கிடந்த பழைய தேக்குக் கதவை ஷெட்டுக்கு எடுத்துப்போய் மேசையாக்கினார். ஜெபராணி கூடவே நின்று பார்த்தாள். மேலே, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்தார்கள். குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

"நல்லா வந்திருக்கு சார்."

குரு வாயால் அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம். ஆவுடையப்பன் ஆட்டோவில் மேசையோடு ஊர்வலம் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

அங்கணத்தில் போட்டதும் மேசை ஆடியது.

ஒரு கால் நீளம் என்று நினைத்து அதைக் கொஞ்சம் அறுத்தார். இப்போது எதிர்க்கால் தூக்கியது. அதையும் அறுத்தார். ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி அறுத்தார். திங்கள், செவ்வாய் என்று நாள் போகப்போக, மேசையின் கால்களும் போயின. வெள்ளிக்கிழமை பார்த்தால் மேசை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆட்டம் மட்டும் போகவில்லை.

உலகம்மை நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆவுடையப்பன் குருவின் வீட்டு வாசலில் போய் நின்றார். தலையில் மரத்தூள்.

"டீச்சர், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. மூணு மணிக்கு மச்சினன் வந்துருவான்."

ஜெபராணி செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் வந்தவள் டயர் முக்காலியைப் பார்த்தாள். சாய்வு பெஞ்சைப் பார்த்தாள். ஜாடி விளக்கைப் பார்த்தாள். பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. அங்கணத்துக்கு வந்து உலகம்மைக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மேசையின் ஒரு மூலையில் விரலை வைத்து அழுத்தினாள். எதிர் மூலை எழும்பி இறங்கியது.

"ரசமட்டத்த எங்க வச்சுப் பாத்தீங்க சார்?"

"மேசை மேலதான்."

"தரைல?"

"தரைல எதுக்கு டீச்சர்? ஆடுறது மேசைல்லா?"

ஜெபராணி தண்ணீர்த் தொட்டியடியில் இருந்த வாளியை எடுத்தாள். அதில் இருந்த தண்ணீரைத் தரையில் அப்படியே கவிழ்த்தாள். தண்ணீர் நாலாபக்கமும் பரவப் பார்த்தது. பிறகு எல்லாம் ஒன்றுகூடி, மேசைக் கால்களைச் சுற்றிக்கொண்டு ஓடி, நடுவில் இருந்த சாக்கடைத் துவாரத்தில் சத்தத்தோடு இறங்கியது.

ஆவுடையப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாட்டம்" என்றார் மெதுவாக. "கொத்தனார் தண்ணி ஓட நாலு பக்கமும் வாட்டம் விட்டுக் கட்டியிருக்கார். நான் மேசைக் காலயில்லா வெட்டிக்கிட்டு இருக்கேன்."

"ஆமா சார்."

தன் மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. ஒரு வாரம் அறுத்திருக்கிறார். அதுவும் நல்ல தேக்கு.

"இப்பவே ஆளக் கூப்பிடுதேன். ரெண்டு சட்டி கலவை போட்டா தரை மட்டமாயிரும்."

"ஆயிரும். அப்புறம் இங்க ஊத்துற தண்ணி எங்க போகும்?"

ஆவுடையப்பன் உள்ளே இருந்து டயர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்றவருக்கு உட்கார்ந்ததும்தான் கால் வலிப்பது தெரிந்தது.

"எனக்கு மேசையா டீச்சர் பெரிசு? இவ முகத்துல இருக்க வாட்டத்த எடுக்கணும்னுதான் இம்புட்டும். அத எடுக்க என்னால முடியல."

அப்போதுதான் உலகம்மை வாய் திறந்தாள். வார்த்தை குழறியது. ஆனால் ஒவ்வொன்றாகச் சொன்னாள், அவரைப் பார்த்து அல்ல, ஜெபராணியைப் பார்த்து.

"டீச்சரம்மா, இவுக எனக்கு உக்கார எடம் எடமா செஞ்சு வச்சிருக்காக. ஒரு கொறையும் சொல்ல முடியாது. செத்த நேரம் அழலாம்னா மட்டும் இந்த வீட்டுல எடம் கெடையாது. கண்ணு கலங்குனா ரம்பத்தத் தூக்கிருதாக. என் தம்பி வீட்டுல ஒரு ரூம் இருக்கு. கதவச் சாத்திக்கிட்டா யாரும் வர மாட்டாங்க. அதுக்குத்தான் போறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. ஒரு பக்கம் இழுத்த வாயோடு, துடைக்க வலது கை எழாமல், மாதக்கணக்காக விழுங்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். "அழாத உலகு. இந்தா, இந்த மேசைய வேற எடத்துல..." கை தானாகவே ரம்பத்தைத் தேடியது.

"சார், உக்காருங்க."

"இல்ல டீச்சர். உங்களுக்குத் தெரியாது. அவள அழ விட்டா நிக்காது."

"சார்."

"அவ அழுதா நானும் அழுதுருவேன்!" அவர் குரல் உடைந்தது. "நான் ஆரம்பிச்சா எனக்கும் நிக்காது. எனக்கு உடம்புல தெம்பே இல்ல டீச்சர். ராத்திரி படுத்தா காலைல எந்திரிப்பேனான்னு இருக்கு. ரெண்டு பேரும் இப்படி விழுந்து கெடந்தா இவளுக்கு யாரு சோறு பொங்குவா? ஒரேயடியா ரெண்டு பேரும் அதுலயே முங்கிப் போயிட்டோம்னா என்ன செய்ய? சொல்லுங்க."

இத்தனை நாளில் அவர் வாயைத் திறந்து உண்மையாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

உலகம்மை அழுகைக்கு நடுவே அவரை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதருக்கும் தாங்கவில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜெபராணி காலி வாளியைத் தொட்டியடியில் கொண்டுபோய் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வெயில் முருங்கைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது.

"இப்ப இங்க ஒரு வாளித் தண்ணி ஊத்தினேனே சார்" என்றாள். "எங்க அது?"

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். தரை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. துவாரத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது.

அவர் முக்காலிக்குப் போகாமல், உலகம்மையின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அவள் கண்ணைத் துடைப்பதற்காகத்தான் எடுத்தார். துடைக்கவில்லை. தன் முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

ஜெபராணி சத்தம் காட்டாமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

தெருவில் கார் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. பழக்க தோஷத்தில் ஆவுடையப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். உலகம்மை இடது கையால் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"நிக்கட்டும்" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.