பாறையைத் தொட்ட பல்லி

அந்தக் காலத்தில், கல்லுக்கும் வாய் இருந்தபோது, பல்லிக்குச் செங்குத்தாக ஏறத் தெரியாது. அதன் உள்ளங்கால் புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று இருக்கும். தரையில் ஓடும், கொடியைப் பிடித்துக் கொஞ்சம் தொற்றும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

அப்படி ஒரு பல்லிக்கு வெள்ளச்சி என்று பேர். மலையடிவாரத்தில் சுவர்போல நின்ற ஒரு பாறையை ஒட்டித் தொங்கிய ஆலம் விழுதைப் பிடித்து ஏறிப்போய், உச்சிப் பொந்தில் இரண்டு முட்டை இட்டாள். பாம்பு எட்டாத இடம் என்று அவளுக்கு ஒரே பெருமை. இறங்கி வந்து வயிறு நிறைய ஈசல் தின்றுகொண்டிருந்தபோது அடித்தது காற்று. ஆலமரம் வேரோடு சாய்ந்தது. விழுதும் போச்சு, வழியும் போச்சு.

கீழிருந்து பார்த்தால் பொந்து மிளகளவுதான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஈசல்கூடக் கசந்தது. ஓடு விரியும் நாளில் தாய் பக்கத்தில் இல்லாவிட்டால் குஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். அதற்கும் வழவழக் கால்தானே? எட்டிப் பார்த்தால் வழுக்கி விழ வேண்டியதுதான்.

ஏறிப் பார்த்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் சர்ரென்று வழுக்கிப் பொத்தென்று விழுந்தாள். பக்கத்தில் வெயில் காய்ந்த உடும்பு யோசனை சொன்னது.

"ஒன் காலு இன்னும் மழமழன்னு இருக்கணும் வெள்ளச்சி. சந்தில்லாம படிஞ்சாத்தான ஒட்டும்?"

நகத்தை மாட்டித் தொங்குகிறவனுக்கு என்ன தெரியும்! ஆனாலும் நம்பினாள். மூன்று நாள் ஆற்று வண்டலில் காலைத் தேய் தேய் என்று தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை ஓர் எட்டுக்கூட வைக்க முடியவில்லை.

அழுகையும் ஆத்திரமுமாகப் பாறையைக் கேட்டாள். "ஏண்ணே என்னையத் தள்ளுற? நான் ஒனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"நான் தள்ளலையே தாயி," என்றது பாறை. "நீ இன்னும் என்னையத் தொடவே இல்ல."

"தொடலையா? வயிறெல்லாம் செராய்ச்சுக் கெடக்கு!"

"என் மூஞ்சியக் கிட்ட வந்து பாரு. மேடும் பள்ளமுமா இருக்கா? ஒவ்வொரு மேட்டு மேலயும் சின்ன மேடு, சின்னப் பள்ளம். அதுக்கு மேல பொடிப்பொடியா இன்னும் இருக்கு. நீ கால வெச்சா நாலஞ்சு உச்சியிலதான் நிக்கிற. பள்ளமெல்லாம் சும்மா கெடக்கு. யானை வந்து முதுகு தேய்ச்சாலும் அதே கதைதான். நான் பொறந்ததுலருந்து என்னைய முழுசாத் தொட்டவுக யாருமில்ல."

அந்தக் குரலில் இருந்த ஏக்கம் வெள்ளச்சிக்குப் புரிந்தது. அவளும் தொட முடியாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு கிடப்பவள்தானே.

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"என் மேலயே ஒன் காலத் தேயி. வலிக்கும்."

தேய்த்தாள். பெரிய மேடுகள் உள்ளங்காலை மடிப்பு மடிப்பாக வகிர்ந்தன. சின்ன மேடுகள் அந்த மடிப்புகளை மயிர் மயிராகப் பிரித்தன. பொடி மேடுகள் ஒவ்வொரு மயிரின் நுனியையும் மறுபடி நூறாகக் கிழித்தன. ஒன்பதாம் நாள், பார்க்கச் சகிக்காத அந்தக் காலைப் பாறையில் வைத்தாள். மடிப்பு மேட்டோடு வளைந்தது, மயிர் சின்னப் பள்ளத்தில் இறங்கியது, நுனிகள் பொடிப் பள்ளங்களில் போய்ப் படிந்தன. ஒரு நுனியின் பிடி ஒன்றுமே இல்லை எனலாம். ஆனால் நுனிகளுக்குக் கணக்கே இல்லை. கால் பாவியது.

விறுவிறுவென்று ஏறினாள். பாதித் தூரத்தில் கால் வரவில்லை. பாறை பிடித்துக்கொண்டிருந்தது.

"விடுண்ணே."

"கொஞ்ச நேரம் இரு தாயி. இப்பத்தான ஒருத்தி தொட்டிருக்கா."

அவளுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாள். அவள் செய்த தப்பு அதுதான். வெயில் இறங்கும்வரை இருந்தாள். அப்போது மேலே ஓடு விரியும் சத்தம் கேட்டது.

"விடு! என் புள்ள!"

"எனக்கு விடத் தெரியலையே," என்றது பாறை, நிஜமாகவே பயந்துபோய்.

இழுத்தாள், முடியவில்லை. பதற்றத்தில் விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டினாள். வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது கால். அப்படியே விரல் விரலாக உரித்துக்கொண்டு பொந்துக்கு ஓடினாள்.

ஒரு முட்டை அப்போதுதான் அசைந்துகொண்டிருந்தது. இன்னொன்று வெறும் ஓடு.

அசைந்த முட்டையை உடைத்துக் குஞ்சை வெளியே எடுத்து, அது கதறக் கதற அதன் குட்டிக் கால்களைப் பாறையில் தேய்த்து, முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கீழே ஓரிடத்தில் புல் மட்டும் சாய்ந்திருந்தது. பிள்ளை இல்லை. உயிரோடு எங்கேயோ போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பாள்?

"எந்தப் பக்கம் போச்சுண்ணே?" என்று பாறையைக் கேட்டாள். தொட்ட சுகத்தில் கிடந்த பாறை, பிள்ளை விழுந்ததைக் கவனித்திருக்கவே இல்லை. வெட்கத்தில் வாயை மூடியது.

அன்று முதல்தான் கல் பேசுவதே இல்லை. பல்லியோ பாறை, மரம், நம் வீட்டுச் சுவர் என்று ஒன்றுவிடாமல் ஏறி, 'ச்ச்... ச்ச்...' என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று அசையாமல் நின்று கேட்கிறது.