முப்பத்தெட்டாவது சல்லடை

மலைச்சரிவில் நானூறு பெட்டிகள். வானத்திலிருந்து ஓயாமல் பொழியும், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கூட்டம் கூட்டமாக அவற்றில் விழும். எந்தப் பெட்டியில் முதலில் விழுந்தன, எதில் அடுத்து என்று பார்த்து, அவை வந்த திசையைக் கணக்கிடுவார்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். ஒரு திசையிலிருந்து மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்து, வான வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தால், அங்கே ஏதோ பிரம்மாண்டமாகக் கொதிக்கிறது என்று பொருள்.

அங்கே ஆசிரியை ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. அவருடைய மாணவர் பால்வண்ணனுக்கு ஐம்பத்திரண்டு. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், முனைவர் பட்டத்துக்காக ஆறு மாத விடுப்பில் மலையேறியிருந்தார். நாளையோடு விடுப்பு முடிகிறது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இன்னும் காலி.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வானத்தை அப்படியே மாணவரிடம் தரமாட்டார்கள். பதிவான திசைகளில் ரகசியமாக ஒரு மாற்றம் செய்துதான் தருவார்கள். என்ன மாற்றம் என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். எந்தப் பதிவை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று மாணவர் முதலில் தன் சல்லடையை முடிவு செய்ய வேண்டும். உறையைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான்.

அன்று காலை பதினோரு மணிக்குப் பால்வண்ணன் பெட்டிகளுக்கு நடுவே ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"மேடம்! புள்ளி வந்திருச்சு!"

ஜெசிந்தா ஒரு பெட்டியின் மூடியிலிருந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "மூச்சு விடுங்க சார். எங்க?"

"வானத்தை எழுபத்து மூணு பாகை திருப்பியிருக்குனு உறைக்குள்ள எழுதியிருந்தா, என் புள்ளி நேரா நண்டு நெபுலா மேல போய் உக்காருது! வெடிச்ச நட்சத்திரம் மேடம்! நம்ம பெட்டியில!"

"எழுபத்து மூணு இல்லைன்னா?"

"இருக்கும். வீட்டுக்குக்கூடச் சொல்லிட்டேன். கேசரி கிண்டுறாங்க."

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டார். அறைக்குப் போனார்கள். மேசை இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார்.

பால்வண்ணன் அதைக் கிழித்தார். உள்ளே எண் இல்லை. ஆசிரியையின் கையெழுத்தில் இரண்டு வரிகள்.

'திசைகள் எல்லாம் சீட்டுக்கட்டுபோலக் கலைக்கப்பட்டவை. இதில் வானமே இல்லை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். காகிதத்தைத் திருப்பியும் பார்த்தார்.

"அப்ப என் புள்ளி எங்கேருந்து வந்துச்சு மேடம்?"

"சல்லடையை எத்தனை தடவை மாத்துனீங்க?"

பால்வண்ணன் எதையும் எழுதாமல் விடுபவர் அல்ல. நோட்டைப் புரட்டினார். "முப்பத்தெட்டு."

"ஏன் முப்பத்தெட்டோட நிறுத்துனீங்க?"

"அதுலதானே புள்ளி பளிச்சுனு வந்…"

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"முதல் உறை எல்லாருக்கும் இதுதான் சார். இறங்கிப் போறவங்க யாரும் வெளியே சொல்றதில்லை. நான் என் புள்ளிக்குப் பேரே வெச்சேன்."

"என்ன பேரு?"

"என் பேருதான்."

பால்வண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் வாடியது. "அங்க கேசரி கிண்டியாச்சு மேடம்."

"சாப்பிடட்டும். அதுல தப்பில்லை."

ஜெசிந்தா இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு வன்தட்டை எடுத்துக் கணினியில் செருகினார். "ஏழு வருஷப் பதிவு. கலைக்காதது. ஒரே ஒரு தடவை சலிக்கலாம். எதைப் போடப் போறீங்க?"

பால்வண்ணனின் விரல் தானாகவே முப்பத்தெட்டாம் பக்கத்துக்குப் போனது. எத்தனை அழகான சல்லடை! அதைப் போட்டால் ஏதாவது தெரியும் என்று மனம் அடித்துக்கொண்டது. தெரியாவிட்டால் நாளை வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டும்.

அவர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். முப்பது. பதினேழு. நான்கு. முதல் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இதை எதைப் பார்த்துப் போட்டீங்க?" என்றார் ஜெசிந்தா.

"எதையும் பார்க்கலை. வந்த முதல் வாரம். பெட்டிகளோட குணத்தை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டது."

ஜெசிந்தா தலையசைத்தார்.

பால்வண்ணன் முதல் பக்கத்து எண்களை ஒவ்வொன்றாக உள்ளிட்டார். கணினியில் சலிப்பைத் தொடங்க ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. காலையில் ஓடிவந்தபோதுகூட நெஞ்சு இப்படி அடிக்கவில்லை.

"மேடம், உள்ள என்ன இருக்கு? உங்களுக்குத் தெரியும்ல?"

ஜெசிந்தா இன்னொரு முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார்.

"தெரியாது சார். இன்னும் யாருமே பார்க்கலை. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்குத் திரை மறைக்குது."