கம்பளத்தில் நடந்தவர்

கோத்தகிரிக்கு மேலே ஒரு மடம். தைமாதக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். மடத்துத் தலைவி மெய்யம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராகச் சேர்ந்த குழந்தைவேலுவுக்கோ ஐம்பத்தெட்டு. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ராமநாதபுரத்துக்காரர். குளிர் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

மடத்தில் எல்லோரும் கல்தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். குழந்தைவேலு மட்டும் கெஞ்சிக் கூத்தாடி விலக்கு வாங்கியிருந்தார். காலில் சாக்ஸ், உடம்பில் ஸ்வெட்டர், கூடத்தில் நைலான் கம்பளம். அதில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் திருநீறு பூசுவது அவர் வேலை.

அந்த மாதம் அவர் விரல் பட்ட நெற்றியெல்லாம் சுரீர் என்றது.

முதலில் பயந்தார். பிறகு ஒருவர் காலில் விழுந்தார். பிறகு பத்துப் பேர் விழுந்தார்கள். அப்புறம் பயம் போய்விட்டது. உள்ளுக்குள் அவருக்கு ஒரே குளிர்ச்சி.

ஒரு காலையில் மெய்யம்மையிடம் வந்தார்.

"அம்மா, என் கையில ஏதோ சக்தி இறங்கியிருக்கு. தேயிலைத் தோட்டத்து ராக்கம்மா புருஷனுக்கு ஒரு கை விளங்காதுல்ல? போன வாரம் நான் தொட்டதும் விரல் துள்ளுச்சு. இன்னைக்கும் கூட்டிட்டு வந்திருக்காங்க. மாத்திரையைக்கூட நிறுத்திட்டாங்களாம்."

"நீங்க நிறுத்தச் சொன்னீங்களா?"

"சொல்லல. கொடுக்கவும் சொல்லல."

மெய்யம்மை கையை நீட்டினார். "கம்பளத்துல நாலு நடை நடந்துட்டு வந்து தொடுங்க."

நடந்தார். தொட்டார். சுரீர்.

"சாக்ஸையும் ஸ்வெட்டரையும் கழற்றி வச்சிட்டு, கல்தரையில நடந்துட்டு வாங்க."

பல் கிடுகிடுக்க நடந்து வந்து தொட்டார். ஒன்றுமில்லை. மறுபடி தொட்டார். அழுத்திக்கூடப் பார்த்தார்.

குழந்தைவேலுவின் முகம் செத்துப்போனது.

"அப்போ மடத்துல மத்தவங்க தொட்டா ஏன் இப்படி அடிக்கல?"

"அவங்க மேல ஏறுற கரண்டை நடக்கும்போதே தரைக்குக் கொடுத்துடறாங்க. நீங்க சேர்த்து வச்சு ஆளுக்குக் கொடுக்கறீங்க."

"நம்பி வந்திருக்காங்கம்மா. இதைப் போய்ச் சொன்னா மனசு உடைஞ்சு போயிடும்."

"யார் மனசு?"

அவர் கழற்றிய சாக்ஸை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு அதை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு கூடத்துக்குப் போனார்.

ராக்கம்மாவின் புருஷன் நெற்றியைக் காட்டினான். குழந்தைவேலு கல்தரையில் நின்று திருநீறு பூசினார். அவன் விரலையே ராக்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் அசையவில்லை.

"என்ன சாமி, இன்னைக்கு ஒண்ணும் வரலியே?"

சாமி என்று அவள் அழைத்தது அவருக்கு முதல்முறையாகக் கூசியது.

"என்கிட்ட என்னைக்குமே ஒண்ணும் இல்ல தாயி. அது ஸ்வெட்டரும் கம்பளமும் பண்ணின வேலை. மாத்திரையை நிறுத்தினது தப்பு. அப்பவே சொல்லாதது என் தப்பு."

அவர் திரும்பி வரும்போது மணி பத்தாகியிருந்தது. கண் சிவந்திருந்தது.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க. அழுதாங்க. விட்டுப்போன மாத்திரைக்கு இப்போ என்ன பண்றதுன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியில டாக்டரையே கேளுங்கன்னு பஸ் ஏத்திவிட்டேன்."

"சரி."

அவர் போகவில்லை. கல்லின் குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

"கூடத்துல இருந்தவங்க எல்லாரும் கேட்டுட்டாங்கம்மா. நாளையிலேருந்து என்கிட்ட யார் வருவாங்க?"

மெய்யம்மை திருநீற்றுத் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"திருநீறு வேணுங்கறவங்க வருவாங்க."