சிங்கி இறால் வாசலில் கழற்றி வைத்தது

அந்தக் காலத்தில் கடலில் எல்லாரும் பேசினார்கள். காது கொடுப்பவர்கள் அப்போதும் குறைவுதான். நண்டுக்கு அன்று சின்னக் கொடுக்கு. பெரிய கொடுக்குகள் சிங்கி இறாலுக்குத்தான் இருந்தன. (சிங்கி உண்மையில் இறாலே அல்ல. மீன் சந்தையில் போய் யார் அதைச் சொல்வது?) கொடுக்குகளைக் கழற்றி மாட்டும் வசதியும் இருந்தது.

ஒருநாள் ஒரு பெண் சிங்கி பழைய ஓட்டை உரித்தது. புது ஓடு இறுகும்வரை உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். எட்டுக்கைப் பேய்க்கணவாய் கண்டால் ஒரே வாய்தான். சிங்கி பாறை பாறையாக ஏறி இறங்கி இடம் கேட்டது. எல்லாப் பொந்திலும் ஆள்.

கடைசிப் பொந்தில் அஞ்சாளை படுத்திருந்தது. பாம்பு போன்ற அந்த மீனைக் கண்டால் பேய்க்கணவாயே ஒதுங்கிப் போகும்.

"அக்கா, ஓடு இறுகுற வரைக்கும் ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

"இரு. கொடுக்கை மட்டும் வாசல்ல கழட்டி வச்சிட்டு வா. தூக்கத்துல என் வாலைக் கவ்வுற விருந்தாளிகளப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு."

"யாராவது எடுத்துட்டா?"

"நண்டும் அங்கதான் வச்சிருக்கான். அவன் கேட்டானா இப்படி?"

உள்ளே நண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பாறை முனையில் பேய்க்கணவாயின் ஒரு கை நெளிந்தது. வாதாடத் தெம்பில்லை. சிங்கி கொடுக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாய்ந்தது.

ஓடு இறுகிக் கண் விழித்தபோது நண்டைக் காணோம். வாசலில் சின்னக் கொடுக்குகள் மட்டும் கிடந்தன.

"நண்டு மச்சான் மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாரு. தெரிஞ்சதும் கொண்டாந்து குடுப்பாரு" என்றது சிங்கி.

"குடுப்பான், குடுப்பான்" என்றது அஞ்சாளை, கண்ணைத் திறக்காமல்.

சின்னக் கொடுக்குகள் முன்காலில் நிற்கவில்லை. வீணாக்குவானேன் என்று சிங்கி அவற்றைக் கடைசிக் கால்களில் மாட்டிக்கொண்டது. பெண் சிங்கியைத் திருப்பிப் பாருங்கள், இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பிறகு தன் நீண்ட மீசையை வெளியே நீட்டி, நண்டு வருகிறதா என்று தடவிக்கொண்டே உட்கார்ந்தது. நண்டு அந்த வாசலை நேராகப் பார்க்க முடியாமல் பக்கவாட்டில் நடந்து பழகிவிட்டது.

அன்று முதல்தான் நாம் நண்டில் கொடுக்கை உடைத்து உறிஞ்சுகிறோம். சிங்கியில் வால் சதையோடு திருப்திப்படுகிறோம். மூழ்கிப் பிடிப்பவர்களுக்கு வெளியே நீண்ட அந்த மீசைதான் அடையாளம். கை பட்டதும் சிங்கி கிர்ரென்று சத்தமிடும். பயத்தில் கத்துகிறது என்பார்கள். இல்லை, "மச்சானா?" என்று கேட்கிறது.