மடியில் உட்கார்ந்த ஈ

முன்னொரு காலத்தில், அரசரின் வயிற்றுவலியில் சட்டம் பிறந்த நாடு ஒன்று இருந்தது. பதினொரு அதிரசம் தின்றது அரசருக்கு நினைவில்லை. பன்னிரண்டாவதில் ஈ உட்கார்ந்தது மட்டும் நினைவிருந்தது.

"இனி ஈ எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தைப் பூட்டி அரக்கு முத்திரை வையுங்கள்!" என்று ஆணையிட்டார்.

கடைகளைச் சோதிக்கும் பொறுப்பு அரண்மனை அதிகாரி மாதப்பருக்குக் கிடைத்தது. மாதிரி என்று சொல்லிப் பலகாரங்களை எடுத்து மடியில் கட்டிக்கொள்வார். மடி நிறையத் தந்த கடையில் அவர் கண்ணுக்கு ஈ தெரியாது. அப்பக்கடை பேச்சியாயி மட்டும், "சோதிக்க ஒண்ணு போதுமே சாமி" என்றாள். மறுநாளே, அவள் கடையில் ஈ மொய்ப்பதாக அரசரிடம் மாதப்பரின் புகார் போனது.

"அரசே, அவள் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறாள்; அப்பத்தைத் துணியால் மூடுகிறாள்" என்று விகடகவி வெண்காடன் அவளுக்காகப் பேசினான்.

அவன் பேச்சுக்கு அரசர் தலையசைக்கும்போதெல்லாம் மாதப்பருக்கு நெஞ்சு எரியும். "நாளை தாங்களே வந்து பாருங்கள். ஓர் ஈ தென்பட்டாலும் கடையைப் பூட்டுவோம், இவனும் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். அரசருக்கு அது வேடிக்கையாகத் தோன்றியது. ஒப்புக்கொண்டார்.

மறுநாள் பேச்சியாயி வெண்காடனிடம் முணுமுணுத்தாள். "ஈ நம்ம பேச்சைக் கேக்குமாய்யா?"

"கேக்க வேண்டாம் ஆயி. அது தன் மூக்கு சொன்னபடி நடந்தா போதும்."

அரசர் வந்து ஒரு நாழிகை ஆகியும் ஈ இல்லை. பிறகு மற்ற கடைகளை முடித்துக்கொண்டு, புடைத்த மடியோடு மாதப்பர் நுழைந்தார். பின்னாலேயே ஈக்களின் ஊர்வலம்.

"இதோ ஈ!" என்று அவர் கூவி முடிப்பதற்குள், கடையைப் பூட்டக் கொண்டுவந்திருந்த சங்கிலியை வெண்காடன் அவர் இடுப்பில் சுற்றிப் பூட்டினான்.

"அடேய், என்ன செய்கிறாய்?"

"ஆணையை நிறைவேற்றுகிறேன் ஐயா. ஈ சட்டியில் உட்காரவில்லை, மூடியிலும் உட்காரவில்லை. உம் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அசையாதீர், அரக்கு சுடும்."

அவர் திமிறியதில் மடி அவிழ்ந்து, பூசணம் பூத்த அதிரசங்கள் உருண்டன.

"கழுவின தரையாச்சே!" என்று பதறினாள் பேச்சியாயி.

அந்த நேரம் பார்த்து ஓர் ஈ பறந்துபோய், காலைப் பாயசம் ஒட்டியிருந்த அரசரின் மீசையில் உட்கார்ந்தது. வெண்காடன் கையில் இன்னொரு பூட்டு மிச்சமிருந்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். இருபது வருடமாகச் சிரிக்கவைக்கிறவன் அவன். இந்த ஒரு சிரிப்பு பிசகினால் தலை போகும் என்று அவனுக்குத் தெரியும். பூட்டை மெல்லத் தாழ்த்தினான்.

"அரசே... பூட்டு வேண்டுமா, ஒரு செம்புத் தண்ணீர் போதுமா?"

அரசர் பூட்டைப் பார்த்தார். பிறகு மீசை குலுங்கச் சிரித்தார், ஈ பறந்தது. முகமும் கையும் கழுவிக்கொண்டு, வெண்காடனுக்குத் தன் முத்துமாலையையும், பேச்சியாயிக்குச் சோதனைப் பதவியையும் தந்தார்.

"சரி, பன்னிரண்டு அப்பம் கொண்டு வா!"

பேச்சியாயி இலையில் ஒன்றை வைத்தாள். "சோதிக்க ஒண்ணு போதுமே சாமி."

அரசர் மறுபடியும் சிரித்தார்.