வரிசை தவறாத வீடு

அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து உட்காருங்கள். ராஜாக்கள் யானைமேல் போன காலத்துக் கதை இது. ஆனால் நெருப்புக்கு அந்தக் காலம், இந்தக் காலம் எல்லாம் கிடையாது.

ஒரு துறைமுகப் பட்டினத்தில் அம்பலவாணர் என்று ஒரு கற்பூர வணிகர் இருந்தார். மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஒரு கைக்குழந்தை என்று அவரோடு சேர்த்து வீட்டில் ஒன்பது பேர். முதலில் அவர் உண்பார், பிறகு மற்றவர்கள். முதலில் அவர் உட்காருவார், பிறகு மற்றவர்கள். முதலில் அவர் வாசற்படி தாண்டுவார், பிறகு மற்றவர்கள். தலைப்பாகை கட்டாமல் அவரும் தாண்டமாட்டார்.

கடைசி மருமகள் செங்கமலத்துக்கு மட்டும் ஒரே கவலை. கூடத்துக்கு அடுத்த சரக்கறையில் மூட்டை மூட்டையாகக் கற்பூரம்!

"மாமா, தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று ஒருநாள் எல்லாரும் நடந்து பார்க்கலாமே?"

"வாயைக் கழுவு! நல்ல வீட்டில் பேசுகிற பேச்சா?" என்றாள் மாமியார்.

"இவளுக்கு வேலை போதவில்லை அம்மா" என்றான் கணவன்.

அம்பலவாணர் மீசையை நீவினார். "இதில் நடந்து பார்க்க என்னம்மா இருக்கிறது? நான் முன்னால் போவேன். நீங்கள் பின்னால் வாருங்கள்."

ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகல், சரக்கறையில் வைத்த தூபக்காலிலிருந்து கங்கு தெறித்தது. கற்பூரத்துக்குப் பக்கத்தில் தூபம் போட்ட புத்தியை என்னவென்று சொல்ல! மூட்டை பற்றியது, கதவு பற்றியது, உத்தரம் பற்றியது. கூடமெங்கும் கரும்புகை.

எட்டுப் பேரும் கூடத்தில் நின்றார்கள். ஓடவில்லை, நின்றார்கள்! பெரியவர் உள்ளறையில் தலைப்பாகையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இதோ வந்துவிட்டேன்" என்றார். காத்திருந்தார்கள். "பெட்டியில் பார்க்கிறேன்" என்றார். இருமிக்கொண்டே காத்திருந்தார்கள். மூன்றாம் முறை இவர்கள் கூப்பிட்டபோது உள்ளறையிலிருந்து குரலே வரவில்லை.

குழந்தைக்கு மூச்சு இழுத்தது. வாசற்பக்கம் நின்ற செங்கமலம் அதை அள்ளிக்கொண்டாள். "மாமனாருக்கு முன்னாலேயா போகிறாய்?" என்று கையைப் பிடித்த மாமியாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு படி தாண்டினாள். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குக் கால் வந்தது.

தெருவில் தலைகளை எண்ணினாள். எட்டு.

கணவன் உள்ளே பாயப் போனான். அவன் வேட்டியை எட்டிப் பிடித்தாள். "நீங்களும் போனால் இரண்டு பேரைத் தேடவேண்டும்!"

மாமனார் எதிரில் குரல் உயர்த்தாதவள், வாசலில் நின்று வீறிட்டாள். "மாமா! புகை மேலே இருக்கிறது, தரையோடு குனியுங்கள்! என் குரல் வரும் பக்கம் தவழ்ந்து வாருங்கள்!"

உள்ளிருந்து இருமல். பிறகு, "நான்... தவழ்வதா?"

"தவழுங்கள் மாமா! பார்க்க இங்கே ஒருவருமில்லை!"

தெருவே கூடி நின்றது.

வெறுந்தலையோடு, புருவம் கருகி, கையும் முழங்காலுமாக வந்து சேர்ந்தார் அம்பலவாணர். மூச்சு திரும்பியதும் கேட்டார்: "யார் முதலில் வெளியே வந்தது?"

எல்லாரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"அவள் எனக்காகக் காத்திருந்தால்..." என்று தொடங்கினார். குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

புது வீட்டுக்குப் போன அன்றே எல்லாரையும் கூப்பிட்டார். "செங்கமலம், எப்படி வெளியேறுவது என்று நடந்து காட்டம்மா" என்று சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

ஆகவே, தீ வந்துவிட்டால் வாசலுக்கு அருகில் இருப்பவரே அந்த வீட்டுக்கு மூத்தவர்.